கட்டிலில் உன் பக்கம்

செப்டம்பர் 10

அன்புள்ள வாயாடிக்கு,

உன் மெக்கானிக் எழுதுகிறேன். இங்கே நான் முக்கால் நலம். மீதிக் கால் உன் கையில் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று எழுதினால் அதுவும் வந்து சேர்ந்துவிடும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது உன் பின்னால் நீ வேலை பார்க்கும் வீட்டு அம்மா நிற்கிறார், என் பின்னால் அக்கா நிற்கிறாள். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." "தூங்குனீங்களா?" "தூங்குனேன்." அவ்வளவுதான் நம் பேச்சு. போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கிறது. எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு முன்னால் உனக்குப் பக்கம் பக்கமாக எழுதிய கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதத்திலிருந்து கீமோ வீட்டிலேயே. முதல் சுற்றின்போது நீ லீவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, அந்த வார்டுக்கு இனி வரவேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். "உங்க ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி ரொம்பக் கம்மி. இங்க வந்து ஊரார் இருமலை எல்லாம் வாங்கிட்டுப் போறதுக்கு, சிஸ்டர் உங்க வீட்டுக்கே வரட்டும்" என்றார். மாதத்தில் ஒரு வாரம், தினமும் ஊசி. பிறகு மூன்று வாரம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது சுகம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் கஷ்டமான வேலை.

முதல் நாளே மானம் போயிற்று. லிஃப்ட் அன்றைக்குப் பார்த்து மக்கர். சிஸ்டர் குளிர்பெட்டியையும் பையையும் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தாள். முப்பது வயதிருக்கும், குட்டையான பெண். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "லிஃப்ட் மெக்கானிக் வீடுன்னுதானே சொன்னாங்க?" என்றாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அறையில் மேசை இல்லை. கட்டிலில் உன் பக்கத்தில் ஒரு விரிப்பை விரித்து, அதன்மேல் தட்டை வைத்தாள். ஏப்ரன், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை. பெட்டியிலிருந்து எடுத்த ஊசியின் குளிர் போகும்வரை காத்திருந்து, பிறகு இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். அடியில் தங்கிய மருந்து கலந்து, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்தது. வயிற்றில்தான் குத்துகிறாள். "வலிச்சா சொல்லுங்க." "வலிக்கலம்மா." "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பல்லை மட்டும் கடிச்சுக்கிறாங்க."

முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பெட்டியில் போட்டு மூடினாள். கழிப்பறையில் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விட வேண்டுமாம். என் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டுமாம். காய்ச்சல் வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தால் வீட்டுக்குள் வெடிகுண்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

சிஸ்டர் போன பிறகு விரிப்பு கிடந்த இடத்தைத் தடவிச் சரிசெய்தேன். நீ வேலைக்குப் போன இந்த மூன்று வருடமாக அந்தப் பக்கத்தில் நான் புரண்டுகூடப் படுத்ததில்லை.

உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியம்மாவைத் தூக்கும்போது முழங்காலை மடித்துத் தூக்கு. பாரம் தூக்குவது என் தொழில், சொன்னால் கேள்.

உன்,
மெக்கானிக்


அக்டோபர் 4

என் அன்புள்ள மெக்கானிக்குக்கு,

நான் நலம், முழு நலம். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஒன்றரை நலம். அதைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். இந்த வீட்டு அம்மா, "யார் எழுதினது?" என்றார். "வீட்டுக்காரர்" என்றேன். "இத்தனை வயசுக்கு அப்புறமுமா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிரிக்காதீர்கள்.

முதலில் ஒரு சண்டை. என் பக்கத்தில் தட்டு வைக்க அந்தச் சிஸ்டருக்கு யார் அனுமதி கொடுத்தது? நாளைக்கே ஒரு மேசை வாங்கிப் போடுங்கள். இல்லை, வேண்டாம். வைத்துக்கொள்ளட்டும். அந்த இடம் காலியாகக் கிடப்பதற்கு உங்களைக் குணப்படுத்தும் தட்டு இருக்கட்டும். அவள் கை பட்டு உங்களுக்கு நல்லது நடந்தால், நான் வரும்போது அவளுக்குப் பட்டுப் புடவை எடுத்துத் தருவேன். அதுவரை கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஒரே மாதிரிதான் போகிறது. பெரியம்மாவுக்கு வலது பக்கம் வராது, பேச்சும் வராது. காலையில் துடைத்துவிட்டு, முதுகுக்குப் பவுடர் போட்டு, புண் வராமல் இருக்க அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கிறேன். ஊட்டும்போது பாதி வெளியே வழியும். துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்ட வேண்டும். எனக்கு இது அருவருப்பே இல்லை. ஆனால் நேற்று அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று கை நின்றுவிட்டது. இது யார் முதுகு, நான் யாருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. என் வீட்டு முதுகை அங்கே யாரோ பார்த்துக்கொள்ள, யாரோ வீட்டு முதுகை நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். பெரியம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன்.

எல்லாவற்றையும் எழுதுங்கள். ஊசி போட்ட இடம் சிவந்திருக்கிறதா, வாந்தி வருகிறதா, அண்ணி என்ன சமைக்கிறார், இரவில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறீர்கள், எல்லாம். அண்ணியிடம் பழத்தைத் தோல் சீவித்தான் தர வேண்டும் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் "எனக்குத் தெரியாதாக்கும்" என்பார்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். உங்கள் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டு நிற்கும்,
வாயாடி


நவம்பர் 20

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ரத்த அளவு ஏறுகிறது! டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு, விடாம போடுவோம்" என்றார். நான்கு மாதமாகக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வாரம் அவனைக் காணவில்லை.

அக்கா கதையைக் கேள். சிஸ்டர் சொன்னதிலிருந்து அவள் கையுறையைக் கழற்றவே இல்லை. முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள், அதோடே எனக்கு டீ தருகிறாள். இடுக்கியில் பிடித்துக் கொடுக்காத குறைதான். போன வாரம் சிஸ்டர் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள எதுக்கு இது?"

"மருந்து ஒட்டிக்குமில்ல?"

"அவர் துணியைத் துவைக்கும்போதும் பாத்ரூம் கழுவும்போதும் போட்டுக்குங்க. அவர் கையைப் பிடிக்கிறதுக்கு எதுக்கு? கையுறை மருந்துக்குத்தாம்மா, மனுஷனுக்கு இல்ல."

அக்கா இரண்டையும் உரித்துப் போட்டுவிட்டு வந்து, என் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். "சூடு இல்ல" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒரு வெறுங்கை என்மேல் பட்டு எவ்வளவு நாளாகிவிட்டது தெரியுமா? அது அக்கா கை. நான் வேறு கையை நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லிவிடாதே.

இன்னொரு வீரக்கதை. மறுபடியும் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. யாரும் சொல்லாமலே கருவிப் பையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் அந்தக் கிரீஸ் வாசனை! பிரேக்கின் தேய்மானத்தைப் பார்த்துச் சரிசெய்து ஓட விட்டேன். எதிர் எடை கீழே இறங்க, பெட்டி மேலே வரும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு ஒரு வருடம் ஆகிறது. கீழே வந்தால் சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அந்தத் தூசியில போய் நிக்கிறீங்களே, உங்களுக்கு அறிவு இருக்கா ஐயா?" திட்டி முடித்துவிட்டு, போகும்போது லிஃப்டில்தான் போனாள்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும்.

உன்,
மெக்கானிக் (மறுபடியும் வேலையில் சேர்ந்தவன்)


டிசம்பர் 18

என் அன்புள்ள மெக்கானிக்குக்கு,

உடம்பு சுகமா என்று கேட்கப் போவதில்லை, சுகம் என்று தெரிந்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் பெரியம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவருக்கு நம் மொழி தெரியாது. ஆனாலும் லிஃப்ட் மேலே வருவதை நான் கையால் காட்டியபோது, அசைகிற பாதி வாயால் சிரித்தார்.

சிஸ்டர் திட்டியது போதாது. நான் இருந்திருந்தால் அந்தக் கருவிப் பையைப் பரண்மேல் போட்டுப் பூட்டியிருப்பேன். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து, நீங்கள் ஓடவிட்ட லிஃப்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டு அம்மா இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார். "உன்னை விட்டா அவங்க யார் கையாலயும் சாப்பிட மாட்டேங்கிறாங்க" என்றார். அது உண்மைதான். இங்கே இருந்தால் உங்கள் மருந்துக்கும் தடங்கல் இருக்காது. அதுவும் உண்மைதான். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

போனில் கேட்டால் "பார்க்கலாம்" என்பீர்கள், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். யோசித்து, நன்றாக யோசித்து, மனதில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள்.

ஸ்வெட்டரின் முழங்கை கிழிந்திருந்ததே, அண்ணியைத் தைத்துத் தரச் சொல்லுங்கள். உடம்பை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
வாயாடி


ஜனவரி 15

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். அங்கேயும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. சிஸ்டர் வந்து போகிறாள். ஊசியை வயிற்றிலிருந்து தொடைக்கு மாற்றியிருக்கிறாள், வயிற்றில் போட இடமில்லையாம். அவளுக்கு அடுத்த வருடம் கல்யாணம். மாப்பிள்ளை பேக்கரி வைத்திருக்கிறானாம். "கல்யாணத்துக்கு வந்துதான் ஆகணும் ஐயா, கேக் ஃப்ரீ" என்றாள்.

அக்கா ஸ்வெட்டரைத் தைத்துவிட்டாள். வேறு நிற நூல். கேட்டால் "போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியும்" என்கிறாள்.

லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. கம்பெனி ஆளைக் கூப்பிடச் சொன்னேன்.

இப்போதெல்லாம் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறேன். அதுவும் ஒரு சுகமாகத்தான் இருக்கிறது.

ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தாய். உன் இஷ்டம். நீ எது செய்தாலும் சரியாகத்தான் செய்வாய்.

மழையில் நனையாதே. பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
மெக்கானிக்


மார்ச் 2

வாயாடி,

உன் கடிதம் வரவில்லை. போனிலும் நீ வெறும் "ம்" போடுகிறாய். என்மேல் கோபம் என்று தெரிகிறது. கோபத்திலும் நீ நலமாக இருக்க வேண்டும்.

நான் நலமில்லை. இதை எழுத இவ்வளவு நாளாயிற்று.

பிப்ரவரி முதல் வாரத்தில் காய்ச்சல் வந்தது. அக்கா சிஸ்டருக்குப் போன் பண்ண, அவளே ஆம்புலன்ஸில் ஏறி என்னோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசினேனே, அது அந்தப் படுக்கையிலிருந்துதான். காய்ச்சல் இறங்கியதும் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிற மனிதர். அவர் உட்கார்ந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "இவ்வளவு நாள் கேட்ட மருந்து இப்ப கேக்க மாட்டேங்குது" என்றார்.

உன் கேள்விக்கு "உன் இஷ்டம்" என்று எழுதினேன். அது என் பதில் இல்லை. அப்போதே எனக்கு உடம்பு சரியில்லை. வா என்று எழுத உட்கார்ந்தேன். நீ அங்கே படும் பாட்டில் வரும் மருந்தை உள்ளே ஏற்றிக்கொண்டு, நீ வந்து என் முன்னால் நிற்கவும் வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? அதோடு, மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்கியவனைத்தான் உனக்குத் தெரியும். இப்போது தண்ணீர்ச் சொம்பைத் தூக்க இரண்டு கை வேண்டியிருக்கிறது. இந்த ஆளை உனக்குக் காட்ட வெட்கமாக இருந்தது.

இப்போது வெட்கமெல்லாம் போய்விட்டது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பி வா. வந்துவிடு.

வேறொன்றும் எழுத வரவில்லை.

உன்,
நான்


மார்ச் 6

மெக்கானிக்குக்கு,

நலம். உங்கள் நலத்தை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

"உன் இஷ்டம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். திருப்பித் திருப்பிப் படித்தாலும் அதற்குள் வேறு எதுவும் இல்லை. நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது. சிஸ்டர் இருக்கிறாள், அண்ணி இருக்கிறார், கம்பெனி ஆள்கூட இருக்கிறான். நான் எதற்கு?

அதனால் என் இஷ்டப்படி செய்துவிட்டேன். நேற்றுக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் ஒரு வருடம்.

போட்ட பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதையும் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதியதை அடிக்க மனம் வரவில்லை.

நாளை எல்லோரும் மலை வீட்டுக்குப் போகிறோம். பெரியம்மாவுக்குக் காற்று மாற வேண்டுமாம். அங்கே போன் எடுக்காது, தபாலும் வராது. திரும்பி வர ஏப்ரல் நடுவாகிவிடும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை காத்திருக்க வேண்டாம்.

மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாயாடி


ஏப்ரல் 1

அன்புள்ள வாயாடிக்கு,

நலம், நலம். மலைக்காற்றில் நீயும் நலமாக இருப்பாய்.

உன் கடிதம் கிடைத்தது. மிகவும் நல்ல முடிவு. பெரியம்மாவுக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரு வருடம் என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

மார்ச் ஆரம்பத்தில் நான் எழுதிய ஒரு கடிதம் உனக்கு வந்து சேரும். அதைப் படிக்காதே. படித்துவிட்டாயானால் மறந்துவிடு. காய்ச்சலில் எழுதியது. காய்ச்சலில் மனிதன் என்னென்னவோ உளறுவான். இப்போது காய்ச்சல் இல்லை.

எதிர் வீட்டு மாடியில் புறா முட்டை இட்டிருக்கிறது. பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் முறை வைத்துக்கொண்டு அடை காக்கின்றன. ஒன்று வந்தால்தான் மற்றது எழுந்து போகிறது. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. அக்கா பகலில் திரையை இழுத்துவிடுகிறாள், நான் திறந்துவிடுகிறேன். இதுதான் இங்கே பெரிய சண்டை.

குளியலறையில் அழாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
மெக்கானிக்


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பி பொண்டாட்டிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் சிரிக்காமல் படி.

உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று என் தம்பி என்னிடம் சத்தியம் வாங்கினான். நானும் பண்ணினேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிஸ்டர் வருவது நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஊசி இனிமேல் பயனில்லையாம். இப்போது மாத்திரை மட்டும்தான், அதுவும் நோயைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தானாம். ரத்தம் குறையும்போது ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்றிக்கொண்டு வருகிறோம். எவ்வளவு நாள் என்று டாக்டரைக் கேட்டேன். "வரவேண்டியவங்க யாராவது இருந்தா வரச்சொல்லிடுங்கம்மா" என்றார்.

உன் கடிதம் வந்த அன்று அதைப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "என்னடா எழுதியிருக்கா?" என்று கேட்டேன். "சௌக்கியமா இருக்கா" என்றான். அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றுவிட்டான்.

சாயங்காலம் ஆனால் அவனைப் பார்க்க முடியவில்லை. லிஃப்ட் கதவு நம் மாடியில் திறக்கும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறான். எதிர் வீட்டுக்காரர்களாக இருக்கும். மறுபடி படுத்துக்கொள்கிறான். நீ வரமாட்டாய் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் தூக்குகிறான்.

நீயும் நானும் உரசிக்கொண்டதெல்லாம் உண்டு. அதை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். இதைப் படித்ததும் கிளம்பு.

அண்ணி


ஏப்ரல் 20

என் அன்புள்ள உங்களுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். இந்த முறை உண்மையைச் சொல்லுங்கள்.

நேற்று மலையிலிருந்து இறங்கினோம். தபால்பெட்டியில் மூன்று கடிதங்கள் ஒன்றாகக் கிடந்தன. மாடிப்படியிலேயே உட்கார்ந்து, தேதி பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். "காய்ச்சலில் உளறினேன்" என்கிறீர்களே, இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதியதிலேயே அந்த ஒரு கடிதம்தான் உளறாமல் எழுதியது.

என்மேலும் தப்பு இருக்கிறது. கம்பெனி ஆளைக் கூப்பிடச் சொன்னேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்களாவது, உங்கள் கட்டட லிஃப்டைத் தொட வேறு ஆளை விடுவதாவது! ஜனவரியிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. நீங்கள் "வா" என்று சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தேன். நான் "வரட்டுமா" என்று கேட்க வேண்டும் என்று நீங்கள் காத்திருந்திருப்பீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து மூன்று மாதத்தைப் பாழாக்கிவிட்டோம்.

வீட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கியே?" என்றார்.

"போட்டேம்மா. என் வீட்டுக்காரர் நல்லா இருக்கார்னு நினைச்சுப் போட்டேன்."

"இவங்களை யார் பாத்துக்குவா?"

"அவரை யார் பாத்துக்குவான்னு நான் கேக்கலையேம்மா இத்தனை நாளும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "வேற ஆள் வந்து பழகுற வரைக்குமாவது இரு" என்றார். கெஞ்சுகிற குரல். அவரையும் குறை சொல்ல முடியாது. நேற்றே ஒரு பெண்ணை வரவழைத்துவிட்டார். எப்படிப் புரட்ட வேண்டும், எந்தப் பக்கக் கன்னத்தில் ஊட்ட வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா முதலில் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு நல்ல கையால் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். அந்தப் பெண் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

இந்த வார முடிவில் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு அப்புறம்தான் வரும். வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பிரித்துப் படிக்கலாம். இருந்தும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணிக்கு என் கும்பிடு. அந்தச் சத்தியப் பாவத்தில் பாதி எனக்கு.

வருகிறேன்.

உங்கள்,
வாயாடி


ஜூன் 22

வாயாடி,

நலம் விசாரிக்க வேண்டியதில்லை. உன் நலத்தை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வழியாகத் தெரிகிறாய். மருந்துக்கடைக்குப் போனவள் மழையில் மாட்டிக்கொண்டு, கடை வாசலில் நின்று கடைக்காரரின் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறாய். கையை ஆட்டி ஆட்டி என்ன பேசுகிறாய் என்று தெரியவில்லை. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

நேற்று டாக்டர் சொன்னதை இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டோம். இனி ரத்தம் ஏற்றினாலும் நிற்காது, அலைய வேண்டாம், வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்றார். நீ அழவில்லை. "அப்ப இனிமே பழத்தைத் தோலோட திங்கலாமா டாக்டர்?" என்று கேட்டாய். அவரே சிரித்துவிட்டார்.

நேரில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். நீ வந்துவிட்டால் இந்தத் தவிப்பு அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. நீ சமையலறையில் இருந்தால் கூடத்துக்கு எப்போது வருவாய் என்று இருக்கிறது. குளிக்கப் போனால் தண்ணீர்ச் சத்தம் எப்போது நிற்கும் என்று காதை வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று நீ பக்கத்தில் உட்கார்ந்து என் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாயே, அப்போதுகூட எனக்கு உன்னைத் தேடியது. கையைப் பிடித்துக்கொண்டிருப்பவளை எப்படித் தேடும் என்று எனக்கே புரியவில்லை.

பயம் இல்லை. வலியும் சமாளிக்கிற மாதிரிதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மழை விட்டுவிட்டது. தெருவைக் கடக்கிறாய். பார்த்து வா, வண்டி வருகிறது.

உன்,
மெக்கானிக்


அதே நாள், அதே தாளின் பின்பக்கம்

படித்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன், சோறு அடிப்பிடித்துவிட்டது. அது உங்கள் தலையில்.

பத்தடி தூரத்தில் இருக்கிற பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிற மனிதரை எங்கேயாவது கண்டதுண்டா? இனிமேல் பேப்பரில் கூப்பிட வேண்டாம். வாயைத் திறந்து கூப்பிடுங்கள். கூடத்திலிருந்து கூப்பிடுங்கள், நடு ராத்திரியில் கூப்பிடுங்கள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் கூப்பிடுங்கள். ஒவ்வொரு தடவையும் வருவேன்.

இதைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போகிறேன். படித்து முடித்ததும் கூப்பிடுங்கள், பார்க்கலாம்.